றெக்கை முளைத்த டிக்கி

திருப்பூர் ராயபுரத்தில் சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் நின்று பார்த்தால், டெம்போவுக்கும் டிவிஎஸ் எக்ஸெல்லுக்கும் நடுவே இப்படி ஒரு கார் ஊர்ந்து வரும். டிக்கி மேல் இரண்டு கால் ஊன்றி, அதன் மேல் குறுக்கே ஒரு கறுப்புப் பலகை. கார் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவிக்காகவும் இருக்கலாம், அரைக் கோடியைத் தாண்டிய மஸ்டாங்காகவும் இருக்கலாம். பலகை மட்டும் ஏறத்தாழ ஒரே அச்சு. கடையில் அதற்கு ஸ்பாய்லர் என்று பெயர், தெருவில் றெக்கை. எதற்கு இது என்று ஓனரிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: "றெக்கை வெச்சதுக்கப்பறம் ஹைவேஸ்ல வண்டி ரோட்டக் கவ்விப் புடிச்சுட்டுப் போகுதுங்ணா." மாட்டிக் கொடுத்தவரிடம் கேட்டால் இன்னும் சுருக்கம்: "காத்து அமுக்குமுங்க."

இந்த இரண்டு வாக்கியத்தையும்தான் இங்கே மறுக்கப் போகிறேன். பார்க்க எடுப்பாக இருக்கிறது, அதனால் மாட்டினேன் என்கிறவரோடு எனக்குப் பெரிய வழக்கு கிடையாது. அவர் உண்மையைச் சொல்கிறார். என் வழக்கு, அழகுச் சாமானைப் பாதுகாப்புச் சாமான் என்று நம்பி, அந்த நம்பிக்கையில் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிக்கிறவரோடும், அப்படி நம்பவைத்து விற்கிறவரோடும். கடையில் வாங்கி டிக்கியில் முடுக்குகிற றெக்கை, நாம் ஓட்டுகிற வேகத்தில் வேலை செய்யாது. வேலை செய்கிற வேகத்துக்குப் போனால், தனியாக மாட்டிய குற்றத்துக்கு வண்டியின் சமநிலையைக் கெடுக்கும்.

"காத்து அமுக்கும்" என்பது பொய்யில்லை. எவ்வளவு அமுக்கும் என்றுதான் யாரும் கேட்பதில்லை. விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தூக்குகிற விசை அழுத்துகிற விசையாகிறது, அவ்வளவுதான் தத்துவம். அளவு வேண்டுமானால் காற்றின் அடர்த்தி, பலகையின் பரப்பு, வடிவத்துக்கான கெழு, வேகத்தின் வர்க்கம் நான்கையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். சந்தையில் கிடைக்கிற பலகை ஒன்றரைக் கை நீளம், ஒரு சாண் அகலம். 1.2 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காரின் கூரை மறைத்த காற்றில் கெழு 0.5 கிடைத்தாலே பெரிய விஷயம், அதையும் கொடுத்துவிடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் இந்தப் பலகை டிக்கியை அமுக்குகிற விசை ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமம். ஒரு நூல் கோனைத் தூக்கி டிக்கி மேல் வைத்தது போல. பலகையும் அதன் கால்களும் சேர்ந்தே பெரும்பாலும் இதைவிடக் கனமாக இருக்கும்.

வேகத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நான்கு மடங்காகும். 120-ல் சுமார் 8 கிலோ. 240-ல் சுமார் 32 கிலோ. என் கெழு கஞ்சத்தனம் என்று தோன்றினால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்போதும் குமரன் ரோட்டில் நாம் போகிற 30-ல் அது ஒரு கிலோவைத் தொடுவதே பெரும்பாடு. பின் அச்சில் மட்டும் ஐந்நூறு கிலோ பக்கம் உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு இதுவா பிடிமானம்? நான்குவழிச் சாலையில் காருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் என்பதே 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்சவரம்பு. அவினாசியிலிருந்து செங்கப்பள்ளி வரை ரோடு எவ்வளவு அகலமாக விரிந்து கிடந்தாலும், சட்டப்படி ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது ஐந்தாறு கிலோதான்.

எடையும், காற்று அமுக்குகிற விசையான டவுன்ஃபோர்ஸும் ஒன்றில்லை என்று ஒரு பொறியியல் மாணவர் இங்கே கை தூக்குவார். சரிதான். டிக்கியில் சாம்பிள் பார்சலை ஏற்றினால் டயர் மேல் அழுத்தம் கூடும், ஆனால் வளைவில் திருப்ப வேண்டிய எடையும் சேர்ந்தே கூடும். காற்று கொடுக்கிற அழுத்தத்துக்கு அந்தச் சுமை கிடையாது, அழுத்தம் மட்டும் இலவசம். பந்தயக்காரர்கள் காற்றின் பின்னால் அலைவதும் இதற்காகத்தான். ஆனால் அந்த இலவசம் இரண்டு கிலோவாக இருக்கும்போது ஸ்டியரிங் பிடித்திருக்கிற எந்த மனிதக் கையும் அதைக் கண்டுபிடிக்காது.

இந்த இரண்டு கிலோவும்கூட, நல்ல காற்று பலகையை வந்து தொட்டால்தான். செடான் காரின் கூரையைத் தாண்டிய காற்று பின் கண்ணாடியைத் தழுவிக்கொண்டே இறங்கி டிக்கிக்கு வரும் என்று நாம் நினைக்கிறோம். கண்ணாடி சற்றுச் செங்குத்தாக இருந்தால் காற்று கூரை விளிம்பிலேயே பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும். கண்ணாடிக்கும் டிக்கிக்கும் மேல் தங்குவது சுழன்று குழம்பிய செத்த காற்று. அதற்குள் எந்த நாட்டுக் கார்பன் ஃபைபரை நட்டாலும் அது துணி காயப்போடுகிற கம்பிதான். பந்தயக் கார்களில் பலகையைக் கூரை உயரத்துக்கு, சில சமயம் அதற்கும் மேலே தூக்கி வைப்பது ஸ்டைலுக்காக அல்ல. கலையாத காற்று அங்கேதான் இருக்கிறது.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம், அதற்கு ராயபுரத்தைவிட வசதியான ஊர் கிடைக்காது. கோனிலிருந்து அடர்ந்த நிற நூலை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டின் ஒரு முனையை மட்டும் செல்லோடேப்பால் ஒட்டி, கூரையின் பின் விளிம்பு, பின் கண்ணாடி, டிக்கி, பலகையின் மேல்முகம், கீழ்முகம் எல்லா இடத்திலும் வரிசை வரிசையாகத் தொங்கவிட வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில் ஹைவேயில் ஒரே சீராக 80-ல் போக, பக்கத்து லேனில் இன்னொரு காரில் டிரைவர் அல்லாத ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். காற்று ஒட்டி ஓடுகிற இடத்தில் நூல் வாரிவிட்ட தலைமுடி போலப் பின்னோக்கிப் படிந்து கிடக்கும். செத்த காற்றில் அது பேய் பிடித்தாற்போல் ஆடும், சில இடத்தில் முன்னோக்கியே திரும்பிக் கூரையைக் காட்டும். காற்றுச் சுரங்கத்தில் பொறியாளர்கள் காலங்காலமாகச் செய்துவருகிற சோதனைதான் இது. செலவு ஒரு டீக் காசுகூட ஆகாது. பல பழைய செடான்களில் பலகையின் அடிப்பக்க நூல் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் ஓனருக்கே சிரிப்பு வந்துவிடும். தலைகீழ் இறக்கைக்கு அடிப்பக்கம்தான் முக்கியம், விசையில் பெரும்பங்கு அங்கே விழுகிற உறிஞ்சலில்தான் பிறக்கிறது. அங்கே நூல் படியவில்லையென்றால் மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தும் பயனில்லை.

எனக்கு ஆற்றாமையே இதில்தான். இந்த ஊர் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு டி-ஷர்ட்டை வெளியே அனுப்புவதில்லை. பையர் 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் என்றால் வட்டக் கட்டரை வைத்து நூறு சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் போடுகிறோம். துவைத்துச் சுருக்கம் பார்க்கிறோம். வியர்வைக்குச் சாயம் போகிறதா என்று லேபுக்கு அனுப்புகிறோம். மூன்று ஜிஎஸ்எம் குறைந்தால் ரோலைத் திருப்பி அனுப்புகிற அதே மனிதர், இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிற பலகைக்கு எந்த வேகத்தில் எத்தனை கிலோ என்று ஒரு துண்டுச்சீட்டு கேட்பதில்லை. அட்டைப் பெட்டியில் "ஸ்போர்ட்" என்று போட்டிருந்தது, போதும்.

"ரேஸ் கார்ல எல்லாம் இருக்குதேங்க" என்பதுதான் இதற்குச் சொல்லப்படுகிற முதல் சமாதானம். இருக்கிறது, எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1956-ல் மிக்கேல் மே என்ற சுவிஸ் பொறியாளர் தன் போர்ஷே 550 காரின் தலைக்கு மேல் ஒரு றெக்கையை நட்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்குக்குக் கொண்டுபோனார். கழற்றச் சொல்லிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1966-ல், அமெரிக்காவில் ஜிம் ஹால் தன் சப்பரல் 2இ காரில் உயரமான தூண்களில் றெக்கையைத் தூக்கி நிறுத்தினார். அந்தத் தூண்கள் பாடியில் ஊன்றவில்லை, நேராகப் பின்சக்கரத்தின் சஸ்பென்ஷனில் ஊன்றின. காற்று அமுக்குவது டயருக்கு நேரடியாகப் போக வேண்டும் என்பது கணக்கு. நேர் ரோட்டில் றெக்கை வேகத்தைக் குறைக்கும் என்பதால் டிரைவர் காலால் ஒரு பெடலை அழுத்தினால் அது படுத்துக்கொள்ளும், கூடவே காரின் மூக்கில் முன்பக்கத்தை அமுக்கிக்கொண்டிருந்த காற்று வழியும் அடைபடும். பின்னால் அமுக்கம் குறைந்தால் முன்னாலும் குறைய வேண்டும் என்பதை அந்த மனிதர் அன்றைக்கே ஒரே பெடலில் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டார். நம் தெருப் பலகையில் இல்லாதது அந்த முடிச்சுதான்.

பந்தயக்காரர்களும் இதை எளிதாகக் கற்கவில்லை. ஜிம் ஹாலைப் பார்த்து ஃபார்முலா ஒன்காரர்கள் 1968-லிருந்து உயர உயரமாக நட ஆரம்பித்தார்கள். 1969 மே 4 அன்று பார்சிலோனாவின் மோன்ஜுயிக் தெருப் பந்தயத்தில் லோட்டஸ் அணியின் இரண்டு கார்களிலும் றெக்கைத் தூண் முறிந்தது. ரோடு மேடேறி இறங்குகிற ஒரே இடத்தில், சில சுற்று இடைவெளியில் கிரஹாம் ஹில்லும் யோஹன் ரிண்ட்டும் தடுப்பில் மோதினார்கள். ரிண்ட்டின் கார் அங்கே கிடந்த ஹில்லின் உடைந்த காரிலேயே போய் விழுந்தது. உயிர் பிழைத்தார்கள், அதுவே அதிசயம். அடுத்த பந்தயமான மொனாக்கோவில் உயரத் தூண் றெக்கைகள் தடை செய்யப்பட்டன. உலகத்தின் தலைசிறந்த பொறியாளர்களே கணக்குப் போட்டு நட்ட தூண் முறிந்தது என்றால், முக்கால் மில்லிமீட்டர் தகட்டில் நான்கு போல்ட்டை முடுக்கிவிட்டு "ரேஸ் கார் மாதிரி" என்று சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

பக்கத்து ஊர்க் கதை இன்னும் பொருத்தம். பல்லடம் தாண்டிப் போனால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கோவையில் இருந்தபடியே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டி, 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதனின் பெயரைத் தாங்கிய டிராக். கோவை தந்த இன்னொருவர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அவர் ஐரோப்பாவில் வென்ற முதல் பட்டம் 1994-ல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடர். அந்தக் காலத்து ஃபார்முலா ஃபோர்டு காருக்கு முன்னாலும் றெக்கை கிடையாது, பின்னாலும் கிடையாது. விதியே அப்படி. காற்றின் தயவு இல்லாமல் டயரின் பிடி எங்கே முடிகிறது என்பதைக் கையும் இடுப்பும் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் உலகம் முழுக்க இளம் டிரைவர்களை அதில் ஏற்றினார்கள். அயர்டன் சென்னாவும் அங்கிருந்து வந்தவர்தான். நம் பையன்கள் முதல் வேலையாக றெக்கையை வாங்குகிறார்கள்.

முன்சக்கர விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கடைக்காரர் இதைச் சொல்லவே மாட்டார். பலகை உட்கார்ந்திருப்பது பின் அச்சுக்கும் பின்னால். பின் அச்சைத் தாண்டி எதை அமுக்கினாலும் மூக்கு மேலே எழும். 120-ல் கிடைக்கிற எட்டுக் கிலோவுக்கு, முன்சக்கரத்திலிருந்து இரண்டரைக் கிலோ பக்கம் கழன்றுவிடும். மஸ்டாங் மாதிரி பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்காவது அதில் ஏதோ நியாயம் உண்டு. நம் ஊரில் றெக்கை மாட்டிக்கொள்கிற வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கரம் இழுக்கிறவை. அந்த வண்டியில் இழுப்பதும் முன்சக்கரம், திருப்புவதும் முன்சக்கரம், பிரேக் போட்டால் பாதிக்கு மேல் தாங்குவதும் முன்சக்கரம். சம்பாதிக்கிறவன் தட்டிலிருந்து எடுத்து, சும்மா உருண்டு வருகிறவனுக்குப் பரிமாறுகிறோம்.

பின்பக்கம் அமுங்கினால் வண்டி சுழலாது, அது நல்லதுதானே என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். நியாயமான கேள்வி. சாலைக் கார்களைக் கம்பெனிகள் ஏற்கெனவே அந்தப் பக்கமாகத்தான் சாய்த்து வைத்திருக்கின்றன. எல்லை மீறினால் பின்பக்கம் சுழல்வதற்குப் பதில் மூக்கு வெளியே வழுக்கும்படி சஸ்பென்ஷனையும் டயரையும் பொருத்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் இன்னும் சாய்த்தால், 160-ல் வளைவுக்குள் போகிற வண்டி சொன்ன இடத்தில் திரும்பாது. நூற்றுக்கு உட்பட்டு ஓட்டுகிறவருக்கு இந்த ஆபத்தும் கிடையாது, ஒரு பயனும் கிடையாது.

"கம்பெனியே போட்டுத் தருதே" என்பது இரண்டாவது சமாதானம், முதலாவதைவிடப் பலமானது. 1972-ல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரில் வந்த வாத்துவால் ஸ்பாய்லர் உண்மையாகவே வேலை செய்தது. அந்தக் காரின் கூரை விமான இறக்கை மாதிரி வழிந்து இறங்கும், வேகம் ஏறினால் பின்பக்கத்தைக் காற்று தூக்கும். கடைசி விளிம்பில் தகட்டைச் சற்றே நிமிர்த்தியதும் தூக்கல் குறைந்தது. ஆனால் அது தனியாக வரவில்லை. முன் பம்பருக்குக் கீழேயும் ஒரு ஸ்பாய்லர் சேர்ந்தே வந்தது, காற்றுச் சுரங்கத்திலும் சோதனை ஓட்டத்திலும் அளந்து வைத்தது. அடுத்த வருஷம் பிஎம்டபிள்யூ தன் 3.0 சிஎஸ்எல் காருக்குப் பெரிய றெக்கை ஒன்றைச் செய்தது. அது மாட்டியபடி ஜெர்மன் ரோட்டில் ஓடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. என்ன செய்தார்கள்? கழற்றி டிக்கிக்குள் போட்டுக் கொடுத்தார்கள், பந்தயத்துக்குப் போகும்போது மாட்டிக்கொள் என்று. றெக்கைக்கு உரிய இடம் எது என்று கம்பெனியே சொன்ன மாதிரிதான்.

றெக்கைக் கட்சி கையில் எடுக்கக்கூடிய உண்மையான ஆயுதம் ஆடி டிடி கார். அதை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். 1998-ல் வந்தது, உருண்டை முதுகு, பின்னால் வழுவழுவென்று ஒன்றுமே இல்லாத டிக்கி. ஜெர்மனியின் ஆட்டோபானில் 180-க்கு மேல் போய்த் திடீரென லேன் மாறியவர்களும் வளைவில் சட்டெனக் காலை எடுத்தவர்களும் கட்டுப்பாடு இழந்தார்கள், உயிர்கள் போயின. 1999 முடிவில் கம்பெனி இறங்கி வந்து, விற்ற கார்களையும் திரும்பக் கூப்பிட்டு டிக்கியில் ஒரு சின்ன ஸ்பாய்லரை வைத்தது. அப்படியானால் ஸ்பாய்லர் உயிர் காக்கிறதே? காக்கிறது. 180-க்கு மேல், தூக்கல் இருக்கிறது என்று அளந்து தெரிந்துகொண்ட காரில், அந்தக் காருக்கென்றே வளைத்த விளிம்பாக இருந்தால். அப்போதும் ஆடி அதை மட்டும் நம்பி நிற்கவில்லை. சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றியது, வண்டி சறுக்கினால் தானே பிரேக்கைப் பிடித்து நேராக்குகிற இஎஸ்பி கருவியையும் சேர்த்தது. நம் ஆள் இந்தக் கதையிலிருந்து ஸ்பாய்லரை மட்டும் உருவிக்கொள்கிறார்.

ஹேட்ச்பேக்கின் கூரை நுனியில் கம்பெனி ஒட்டித் தருகிற குட்டை விளிம்பு வேறு சங்கதி. அது அமுக்குவதற்காக இல்லை, காற்றை ஒரே கோட்டில் சுத்தமாக வெட்டி இழுவையைக் குறைப்பதற்கு. அதைக் காட்டி டிக்கிப் பலகை மைலேஜ் தரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. நிமிர்த்தி வைத்த பலகை காற்றை எதிர்த்து நிற்கிற பலகை. மைலேஜைத் தின்னுமே ஒழியக் கொடுக்காது.

கடைசியில் "எனக்கு வித்தியாசம் தெரியுதுங்க" என்று வந்து நிற்பார்கள். தெரியும்தான். ஏனென்றால் பலகை தனியாக வந்திருக்காது. அதே வாரத்தில் அகல டயர் போட்டிருப்பார், வண்டியைத் தாழ்த்துகிற ஸ்பிரிங் போட்டிருப்பார், அலைன்மென்ட் பார்த்திருப்பார். பிடிமானம் முழுக்க அங்கிருந்து வந்தது, பேர் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற பலகைக்கு. பலகையை மட்டும் ஒரு மாதம் கழற்றி வைத்துவிட்டு அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள் என்றால் ஒருவரும் சம்மதிப்பதில்லை. டிக்கியில் ஓட்டை தெரியுமாம்.

ஓட்டையைப் பற்றியும் பேச வேண்டும். பட்டறையில் வேலை எப்படி நடக்கிறது? டிக்கி மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டுகிறார்கள். பலகையின் கால்தடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, டிரில்லை வைத்துப் பெயின்ட், பிரைமர், துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனி பூசிய துத்தநாகம் எல்லாவற்றையும் தாண்டி இறக்குகிறார்கள். ஓட்டையின் விளிம்பில் பிசிறு நிற்கும். அதை அரம் போட்டு எடுத்து, வெளுத்த தகட்டில் பிரைமர் தொட்டு, அது காய்ந்த பிறகு ரப்பர் வாஷரும் சிலிக்கானும் வைத்து முடுக்க வேண்டும். உள்பக்கம் விசையைப் பரப்புகிற மாதிரி அகலத் தகடு ஒன்று கொடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் டெலிவரி என்று நிற்கிற கூட்டத்தில் காய்வது வரை யார் காத்திருக்கிறார்கள்? ஐப்பசி மழையில் தண்ணீர் போல்ட் வழியே இறங்கி டெயில் லேம்ப் வயரில் நிற்கும். ஒரு வருஷத்தில் வாஷரைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளிக்கும். டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்கிற கேஸ் ராடோ ஸ்பிரிங்கோ கம்பெனி மூடியின் எடைக்கு அளந்து வைத்தது. மேலே நாலைந்து கிலோ ஏறினதும் அது பாதியில் தொய்ந்து, குனிந்து சாமான் எடுக்கிறவர் பிடரியில் மூடி இறங்கும். ஓட்டையே வேண்டாம், டபுள் டேப் போதும் என்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: பலகை நிஜமாகவே முப்பது கிலோ அமுக்கத்தையும் அதற்கேற்ற இழுவையையும் உண்டாக்கினால், சித்திரை வெயிலில் வெந்த டேப் அதை எத்தனை நாள் தாங்கும்? டேப்பில் நிற்கிறது என்பதே அது எதையும் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி.

ராயபுரம் மாதிரி நெருக்கமான தெருவில் இன்னொன்றும் உண்டு. பலகையின் இரண்டு முனையும் பாடியைத் தாண்டி நீட்டிக்கொண்டு, டூவீலர்காரர் முழங்கை உயரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையின் முக உயரத்தில் நிற்கின்றன. பீஸ் மூட்டையை முன்னாலும் பின்னாலும் அடுக்கிக்கொண்டு எக்ஸெல்லில் வருகிறவர், நின்றிருக்கிற காரின் பின்னால் ஒடித்துத் திருப்பும்போது அந்த முனையைப் பார்ப்பாரா? உள்ளே இருக்கிற டிரைவருக்கும் ரியர் வியூ கண்ணாடியில் ரோடு இரண்டாகக் கிழிந்துதான் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அரைகுறையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து ஆர்சி புத்தக விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து வந்த வழக்கில் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. டிக்கிப் பலகை இதற்குள் வருமா என்பது வண்டியின் நீள அகலத்தை அது எவ்வளவு மாற்றுகிறது என்பதையும், மறித்து நிறுத்துகிற அதிகாரியையும் பொறுத்தது. "அதெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்பது சட்ட ஆலோசனை ஆகாது. இன்ஷூரன்ஸில் சொல்லாமல் மாட்டிய பலகைக்கு கிளெய்ம் கேட்டால் அந்தப் பணம் வராது. அதைச் சாக்காக வைத்து மற்ற கிளெய்மையும் இழுத்தடிக்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

என் காசு, என் வண்டி, எனக்குப் பிடித்திருக்கிறது என்கிற வாதத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அது நியாயம். ஆறு மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் ஆர்டர் முடித்துக் கொடுத்தவர் தன் வண்டியைக் கொஞ்சம் மினுக்கிக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? மினுக்குவதாக இருந்தால் பாடி அகலத்துக்குள் அடங்கட்டும், முனை உருண்டையாக இருக்கட்டும், பிரைமர் காய்கிறவரை வண்டி பட்டறையில் நிற்கட்டும், இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுதிக் கொடுக்கட்டும். பிடிமானம்தான் வேண்டுமென்றால் அந்த இருபதாயிரத்தை வரி தேய்ந்த டயருக்கும் பிரேக் பேடுக்கும் கொடுக்கட்டும், அது 30-லும் வேலை செய்யும், மழையிலும் வேலை செய்யும். பலகையை வாங்கியே தீருவேன் என்கிறவர் பில்லில் "ஸ்டைலிங்" என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் "பெர்ஃபார்மன்ஸ்" என்று எழுதினால், எந்த வேகத்தில் எத்தனை கிலோ என்பதையும் பக்கத்திலேயே எழுதி, கையெழுத்தும் கடை முத்திரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.